மாப்பிள்ளை கவிழ்த்த தட்டு

கம்பெனி ஆளா என்று கேட்டீர்கள். சட்டைப் பையில் இருக்கும் முத்திரையைப் பார்த்துத்தானே கேட்டீர்கள்? ஆமாம் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பினேனே தவிர மனசு ஒப்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வருகிற மனுசரிடம் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? இல்லைங்க தம்பி. நான் கம்பெனி ஆள் இல்லை. இருந்தேன்.

இப்போதும் அதே கேட்டுக்குள்தான் தினமும் போகிறேன். அதே கேன்டீன், அதே அடுப்பு, அதே கரண்டி. ஆனால் கம்பெனி ஆள் இல்லை. கம்பெனிக்குச் சாப்பாடு போட ஒரு கேட்டரிங்காரரை விட்டிருக்கிறார்கள். நான் அந்தக் கேட்டரிங்காரரின் ஆள். அவர் கொடுத்தது மெரூன் கலரில் ஒரு பனியன் சட்டை, தலைக்கு வலைத் தொப்பி. இந்த நீலச் சட்டையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். ஒன்றைக் கொடுத்தேன். இன்னொன்று கிழிந்துவிட்டது என்று சொன்னேன். கிழியவில்லை, பார்க்கிறீர்களே. வெளியே கிளம்பினால் இதைத்தான் மாட்டிக்கொள்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த மெரூனைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவது இதைவிட வெட்கம்.

மோட்டார் பம்ப் செய்கிற கம்பெனி. பாத்திரம் கழுவுகிற ஆளாகச் சேர்ந்தேன். மீசை சரியாக முளைத்திருக்கவில்லை அப்போது. காய் நறுக்கி, மாவு ஆட்டி, கடைசியில் கேன்டீன் மாஸ்டர் ஆனேன். சென்னியப்பன் என்று என் பேரைச் சொன்னால் கம்பெனியில் பாதிப் பேருக்குத் தெரியாது. மாஸ்டர் என்றால் எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பெண்சாதி இல்லை. பெண் சின்னவளாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டாள். கோகிலவாணியை நான்தான் வளர்த்தேன். நான்தான் என்று சொல்வது முழுக்கச் சரியில்லை. கேன்டீனில் காய் நறுக்குகிற மாராத்தாளும் வளர்த்தாள். சோமனூர்க்காரி. என்னை அண்ணா என்பாள், என் பெண் அவளை அத்தை என்பாள். பெண் வயசுக்கு வந்தபோது ஓடி வந்து நின்றது அவள்தான். அப்பன்காரன் எனக்கு என்ன தெரியும்? அடுப்பங்கரைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. வேறு எங்கேயாவது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. சோறு சரியில்லை என்றால் யாரும் சத்தம் போட மாட்டார்கள். தட்டைக் கவிழ்த்து வைப்பார்கள். ஒருத்தர் கவிழ்த்தால் பக்கத்து ஆளும் கவிழ்ப்பார். அப்படியே வரிசையாகப் போகும். பேச்சு இருக்காது. எவர்சில்வர் தட்டு மேசையில் கவிழ்கிற சத்தம் மட்டும்தான். அப்போது மாஸ்டர் வெளியே வர வேண்டும். நடுவில் நின்று, நெஞ்சில் கை வைத்து, "தப்பு எங்களுது" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். சொன்னதும் எல்லோரும் உட்கார்ந்தபடியே இருப்பார்கள். நாங்கள் உள்ளே ஓடி ரவையைக் கொட்டிக் கிளறி உப்புமா போடுவோம். மேனேஜரும் வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்து அதே உப்புமாவைத் தின்பார். சாயங்காலம், முதலில் தட்டைக் கவிழ்த்த ஆளே சமையல்கட்டுக்கு வருவார். "ஏனுங் மாஸ்டர், அடுப்புல வச்சுட்டுக் கனவு கண்டீங்களா, கருகல் வாசம் எங்க லேத் வரைக்கும் வந்துது" என்பார். நான் டீ போட்டுக் கொடுப்பேன். தப்பு யாருடையது என்று யாரும் கேட்டதில்லை. எங்களுது என்றால் எங்களுதுதான். வீட்டுச் சண்டை மாதிரி.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த வழக்கம்தான் என்னைக் கெடுத்தது.

கோகிலாவுக்கு மாப்பிள்ளை கம்பெனியிலேயே அமைந்தார். தாமோதரன் என்று பேர், மெஷின் ஷாப்பில் பர்மனென்ட். நல்ல பையன். அன்னூர்ப் பக்கம் அவர்களுக்குத் தோட்டம். பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவருடைய அப்பா சொன்னார்: "பொண்ணோட அப்பனும் கம்பெனி, பையனும் கம்பெனி. இதுக்கு மேல என்ன வேணுமுங்க." அந்த வார்த்தை எனக்கு இனித்தது. பத்திரிகையில் என் பேருக்குக் கீழே கம்பெனிப் பேரை அச்சடித்தேன். அச்சடித்து வந்த வாரம்தான் எங்களை மேலே கூப்பிட்டார்கள்.

ஹெச்.ஆர். ரகுநாதன் சார். நல்ல மனுசர்தான், பேச்சு பதமாக இருக்கும். எங்கள் எல்லோருக்கும் டீ கொடுக்கச் சொன்னார். அந்த டீயையும் நாங்களேதான் போட்டுக் கொண்டுபோக வேண்டியிருந்தது, அது வேறு விஷயம்.

"மாஸ்டர், நம்ம வேலை பம்ப் செய்யறது" என்றார். "சோறு போடறது, கூட்டறது, காவல் நிக்கறது இதெல்லாம் அதுக்குன்னு இருக்கறவங்க செஞ்சா கம்பெனிக்குச் சுமை குறையும்."

"அப்ப நாங்க யாருங்க சார்?" என்று மாராத்தாள் கேட்டாள்.

"நீங்களும் அதுக்குன்னு இருக்கறவங்கதானே" என்றார் அவர். "எடம் அதே எடம், கரண்டி அதே கரண்டி. சம்பளச் சீட்டுல பேர் மட்டும்தான் மாறும்."

அவர் சொன்னதில் எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. ஒவ்வொரு வாக்கியமும் சரியாகத்தான் இருந்தது.

கொடுக்கிறதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம், இல்லையென்றால் கேட்டரிங்காரரிடம் சேரலாம். முக்கால்வாசிப் பேர் வீட்டுக்குப் போனார்கள். நான் எப்படிப் போவேன்? கல்யாணத்தன்று சம்பந்தி வீட்டார் வேலை என்ன என்று கேட்டால் சும்மா இருக்கிறேன் என்றா சொல்வது? கேட்டுக்குள் போய் வருகிற ஆளாகவாவது இருக்கலாம் என்று சேர்ந்தேன். "நீங்க போனா நானும் வர்றேன்" என்று மாராத்தாளும் சேர்ந்தாள். நான் அவளைக் கூப்பிடவில்லை. அவளாகத்தான் வந்தாள்.

முதல் நாள் அந்த மெரூனைப் போட்டுக்கொண்டு சோற்றுக் குண்டாவுக்குப் பின்னால் நிற்கிறேன். வரிசையில் மாப்பிள்ளை வருகிறார். நிச்சயம் ஆகிக் கல்யாணத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிற மாப்பிள்ளை. தட்டை நீட்டினார். நான் போட்டேன். தட்டைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்: "மாமா, அப்பாகிட்ட நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் சமயம் பாத்துச் சொல்லிக்கறேன்." அப்படியென்றால் என்ன அர்த்தம்? வெளியே சொல்ல லாயக்கில்லாத மாமனார் என்றுதானே அர்த்தம். அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது.

கேட்டரிங்காரரின் ஆள் ஒருத்தர், ஜெரால்டு என்று பேர், எங்களை மேய்க்க வந்தார். கையில் எப்போதும் போன். "மாஸ்டர், உங்களுது தாராளமான கை. அந்தக் கைய வீட்டுல வச்சுட்டு வாங்க" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். சாம்பார்க் கரண்டியை மாற்றினார், சின்னதாக. இரண்டாவது தரம் கேட்டால் போடக் கூடாது என்றார். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு நான் தனியாகக் கொஞ்சம் கோதுமைக் கஞ்சி வைப்பேன், அதை நிறுத்தச் சொன்னார். எங்கள் ஆட்கள் ஹாலில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது, சிலிண்டர் வைக்கிற கொட்டகைப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். புதிதாகச் சேர்ந்த இளவட்டங்கள் என்னை, "கேட்டரிங், இங்க ரசம்" என்று கூப்பிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சட்டையில் அப்படித்தான் எழுதியிருந்தது.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. மாராத்தாள் காலையிலிருந்து பந்தி முடிகிற வரைக்கும் சமையல்கட்டை விட்டு நகரவில்லை. தாலி கட்டுவதைக்கூட அவள் பார்க்கவில்லை. "நீங்க மணவறைகிட்ட நில்லுங்கண்ணா, இங்க நான் இருக்கறன்" என்றாள். பெண்ணை அனுப்பும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்வாசலில் நின்றாள். அதெல்லாம் சரி. அது வேறு.

கல்யாணம் முடிந்த கையோடு மாப்பிள்ளை கேன்டீனில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ். கோகிலா விடியும் முன்னால் எழுந்து கட்டிக் கொடுக்கிறாள். ஏன் சாமி என்று கேட்டேன். "நீங்க நின்னுட்டு இருக்கறப்ப அவரால உக்காந்து சாப்பிட முடியலையாமுங்ப்பா" என்றாள். பார்த்தீர்களா? எப்படிச் சுற்றிச் சொன்னாலும் அர்த்தம் ஒன்றுதான். மாமனார் முகத்தில் முழிக்கப் பிடிக்கவில்லை. பெண்ணைக் கொடுத்தவன் என்ன சொல்ல முடியும்?

புரட்டாசியில் அந்த அரிசி வந்தது. ஜெரால்டு சார் எங்கேயோ மலிவாகப் பிடித்திருந்தார். மாராத்தாள்தான் அன்றைக்கு அரிசி களைந்தாள். களைகிற ஆள் லீவு. கையை முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணா, இது ஆகாதுங்ண்ணா. மக்கிப் போயிருக்குது. அவருகிட்டச் சொல்லுங்க."

சொல்லலாம். சொன்னால், வேற அரிசி உங்க வீட்டுலருந்து கொண்டு வாங்க என்பார். முன்னால் ஒரு தரம் பருப்புக்கு அப்படித்தான் சொன்னார். அதனால், "இன்னும் ரெண்டு தண்ணி களைஞ்சு போடு மாராத்தா. கொதிச்சா தெரியாது" என்றேன். அவள் மறுபேச்சுப் பேசவில்லை. என்றைக்குப் பேசினாள்?

மதியம் ஹால் நிறைந்திருந்தது. வரிசையில் மாப்பிள்ளை நிற்கிறார். கையில் டிபன் பாக்ஸ் இல்லை. எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? மனசு மாறிவிட்டது, மாமனார் கையால் சாப்பிட வந்துவிட்டார் என்று நினைத்தேன். ஜெரால்டு சார் பார்க்கிறாரா என்றுகூடப் பார்க்காமல் பெரிய கரண்டியை எடுத்துச் சாம்பாரை அள்ளி ஊற்றினேன். அவர் போய் உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்தார். மென்றார். என்னைப் பார்த்தார். தட்டைத் தூக்கிக் கவிழ்த்தார்.

என் மாப்பிள்ளை, தம்பி. என் கையால் போட்ட சோற்றை.

பிறகு பக்கத்து ஆள் கவிழ்த்தார். அப்புறம் எதிர் வரிசை. கடைசி மேசை வரைக்கும் சத்தம் போயிற்று. நான் கரண்டியும் கையுமாக நிற்கிறேன். எத்தனையோ தட்டு கவிழ்ந்தது, எனக்கு ஒரு தட்டின் சத்தம்தான் கேட்டது. அவமானம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

யூனியனில் பேசி வைத்துத்தான் வந்தார்களாம். சோறு இப்படிப் போனால் தட்டைக் கவிழ்க்கலாம், கம்பெனி கேட்டரிங்காரரைக் கூப்பிட்டுக் கேட்கும், மாஸ்டருக்கும் பழைய மரியாதை வரும் என்று மாப்பிள்ளைதான் சொன்னாராம். இது பிறகு கோகிலா சொன்னது. அப்போது எனக்கு எப்படித் தெரியும்?

தட்டு கவிழ்ந்தால் மாஸ்டர் என்ன செய்ய வேண்டும்? நான் சொன்னேனே. கால் தானாக நடந்தது. நடு ஹாலுக்குப் போனேன். தலையிலிருந்த தொப்பியை எடுத்தேன். நெஞ்சில் கை வைத்து, "தப்பு எங்களுது" என்றேன். பழைய ஆட்கள் தலையை ஆட்டினார்கள். முடிந்தது, உள்ளே போய் ரவையைக் கொட்டலாம் என்று திரும்பினால் வாசலில் ரகுநாதன் சாரும் ஜெரால்டு சாரும் நிற்கிறார்கள். ரகுநாதன் சார் பழைய மேனேஜர்கள் மாதிரி பெஞ்சில் வந்து உட்காரவில்லை. ஜெரால்டு சாரைப் பார்த்து, "உங்க ஆளே ஒத்துக்கறாரே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ரவையும் இல்லை. ரவை எல்லாம் அளந்து பூட்டி வைத்திருந்தார்கள். அன்றைக்கு எல்லோரும் பட்டினியாகவே ஷிப்டுக்குப் போனார்கள்.

கொட்டகைப் பக்கம் என்னைக் கூட்டிக்கொண்டு போனார் ஜெரால்டு சார். கோபமாக இல்லை. களைப்பாக இருந்தார்.

"ஏன் மாஸ்டர் அப்படிச் சொன்னீங்க? கம்பெனிக்காரங்க முன்னாடி, தப்பு எங்களுதுன்னு?"

"இங்க அப்படித்தானுங்க சார் சொல்லுவோம்."

"நீங்க சொல்லுவீங்க. இப்ப அபராதம் போடறாங்க. தப்பு பண்ணின ஆள் மேல என்ன நடவடிக்கைன்னு கேக்கறாங்க. நான் ஒரு பேர் குடுத்தாகணும்."

"அரிசிதானுங்க சார் தப்பு."

"அரிசிய வேலைய விட்டு நிறுத்த முடியுமா?" என்றார். கொஞ்ச நேரம் போனைத் தடவிக்கொண்டிருந்தார். "உங்க பேரே குடுத்துடட்டுமா? ஒத்துக்கிட்டதும் நீங்கதானே."

தம்பி, நீங்களே யோசித்துப் பாருங்கள். பெண்ணுக்குக் கல்யாணம் ஆகி ஒரு மாசம்கூடச் சரியாக ஆகவில்லை. சம்பந்திக்கு இன்னும் எதுவும் தெரியாது. மாப்பிள்ளை தட்டைக் கவிழ்த்தார், மாமனாரை வீட்டுக்கு அனுப்பினார்கள் என்று ஊரெல்லாம் பேசினால் அந்தப் பெண் அந்த வீட்டில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பாள்? அவளுக்காகத்தான். "இன்னைக்கு அரிசி களைஞ்சது மாராத்தா" என்று சொன்னேன். அதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. அவள்தான் களைந்தாள். நான் அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளை அனுப்புங்கள் என்று நான் சொல்லவே இல்லை.

மறுநாள் கேட்டில் அவள் அட்டையைத் தேய்த்தால் கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து பார்த்தேன். காவலுக்கு நிற்கிறவனும் ஏஜென்சி ஆள், ஊருக்குப் புதுசு, அவளை யார் என்று அவனுக்குத் தெரியாது. இத்தனை வருஷமாக உள்ளே போய் வந்தவள் அந்த இரும்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் டிபன் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். நான் போய்ப் பார்த்திருக்கலாம். அடுப்பில் பால் இருந்தது.

மாப்பிள்ளையும் இன்னும் நான்கு பேரும் மேலே போய்க் கேட்டிருக்கிறார்கள். எங்களுக்கு நல்ல சோறுதான் வேணும், ஆளை நிறுத்தச் சொன்னது யார் என்று. ரகுநாதன் சார் பொறுமையாகப் பதில் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா நம்ம ஆள் இல்லை, நாம யாரையும் நிறுத்தலை, கேட்டரிங்காரங்க அவங்க ஆளை மாத்தியிருக்காங்க, அதுவும் உங்க மாமனார் சொன்னதை வச்சுத்தான் என்று. அதுவும் சரிதான், வாக்கியம் வாக்கியமாகப் பார்த்தால்.

அன்று சாயங்காலம் சமையல்கட்டுப் பின்வாசலுக்கு மாப்பிள்ளை வந்தார். கல்யாணத்துக்குப் பிறகு என்னிடம் நேராக வந்து பேசியது அன்றைக்குத்தான்.

"மாமா, நீங்களா சொன்னீங்க?"

"யாரு களைஞ்சாங்கன்னு கேட்டாங்க மாப்ள. சொன்னேன்."

"அரிசி நாறுதுன்னு அந்தக்கா உங்ககிட்டச் சொன்னாங்களா?"

இது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குப் புரியவில்லை. பாத்திரம் கழுவுகிறவர்கள் யாராவது சொல்லியிருப்பார்கள். "சொன்னா" என்றேன்.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "தட்ட நான்தானுங்க மாமா மொதல்ல கவுத்தேன். எம் மேலயும்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு என் வீட்டுப் படி ஏறவில்லை. கோகிலா தனியாக வருவாள், தனியாகப் போவாள். கம்பெனியிலும் கூட்டம் குறைந்துவிட்டது. பாதிப் பேர் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வருகிறார்கள். இத்தனை தட்டு என்று பேசி முடித்திருப்பதால் தின்றாலும் தின்னாவிட்டாலும் கம்பெனி அத்தனைக்கும் கொடுத்தாக வேண்டுமாம். மிஞ்சின சோற்றைப் பன்றி வளர்க்கிறவர் வண்டி போட்டு எடுத்துக்கொண்டு போகிறார். ரகுநாதன் சார் பார்த்த, சம்பளம் போடுகிற வேலையையும் பெங்களூரில் யாரிடமோ கொடுத்துவிட்டார்கள். போன வாரம் கேன்டீன் வாசலில் கழுத்தில் விசிட்டர் அட்டையோடு நின்றுகொண்டிருந்தார். டீ இருக்குதா மாஸ்டர் என்றார். டோக்கன் இருக்குதுங்களா சார் என்று கேட்டுவிட்டேன். வேண்டுமென்றே கேட்கவில்லை. பழக்கம்.

தலை தீபாவளி வந்துவிட்டது. மாப்பிள்ளையை அழைக்க வேண்டும். வெற்றிலை பாக்கு, வேட்டி சட்டை எல்லாம் வாங்கிக்கொண்டு போனேன். அவர் வீட்டில் இல்லை. இல்லையோ, உள்ளே இருந்தாரோ. கோகிலாதான் வாசலில் வைத்துச் சொன்னாள்.

"அப்பா, அவரு வரமாட்டேன்னு சொல்லலீங்ப்பா. மாராத்தா அத்தைகிட்டப் போயி, நாந்தான் சொன்னேன்னு உங்க வாயால சொல்லீட்டு வாங்க. அப்பறம் வர்றேங்கறாரு."

"நீ சொல்லிக் குடுத்ததா, அவரே சொன்னதா?"

"ரெண்டு பேரும் சொன்னதுன்னே வச்சுக்கங்க" என்றாள். என்னிடம் அப்படி ஒரு நாளும் பேசினதில்லை.

போனேன். சொல்லத்தான் போனேன், சத்தியமாக. சோமனூரில் ஒரு தறிக் குடோனில் மாராத்தாள் நூல் சுற்றுகிறாள். என்னைப் பார்த்ததும் தலையிலிருந்து பஞ்சைத் தட்டிக்கொண்டு ஓடி வந்தாள். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பாயைப் போட்டாள்.

"ஜெரால்டு சார் போன்ல சொன்னாருங்ண்ணா" என்றாள். "மாஸ்டர் உனக்காக எவ்வளவோ வாதாடுனாரு, மேல இருக்கறவங்க கேக்கலைன்னு. என்னால உங்களுக்குத்தான் சங்கடம்."

ஜெரால்டு சார் ஏன் அப்படிச் சொன்னார்? இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை. சமாதானத்துக்குச் சொல்லியிருப்பார். நல்லது செய்கிறதாக நினைத்திருப்பார்.

"மாராத்தா, அன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"அன்னைக்கு நடந்தத வுடுங்ண்ணா. சோறு ஆறுது, மொதல்ல சாப்புடுங்க."

தட்டப்பயறுக் குழம்பு. சூடாகப் போட்டாள். நான் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். கை கழுவும்போது சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அவள் துண்டை நீட்டிக்கொண்டே, "எம் மவ சும்மாதான் இருக்கறா. உங்க சொல்லுக்கு அங்க மதிப்பு இருக்குது. ஒரு வார்த்தை சொல்லி உள்ள சேத்து வுட முடியுமாங்ண்ணா?" என்றாள். பார்க்கலாம் என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கோகிலா போனில் கேட்டாள். போயிட்டு வந்தேன் சாமி, பேசிட்டேன் என்றேன். போனது உண்மை. பேசினது உண்மை. அத்தை என்ன சொன்னாங்க என்றாள். நடந்தத வுடுங்ண்ணான்னு சொன்னா என்றேன். அதுவும் அவள் சொன்னதுதானே? அந்தப் பக்கம் என் பெண் அழுதுவிட்டாள், சந்தோஷத்தில். மாப்பிள்ளை போனை வாங்கி, "வர்றனுங்க மாமா" என்றார். எத்தனை நாள் கழித்து அந்தக் குரல். அதற்குத்தான் உக்கடம் மார்க்கெட்டுக்குப் போய்க் காய் எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கிக்கொண்டு வருகிறேன். நாளைக்கு நானே சமைத்து நானே பரிமாறலாம், அவர் உட்கார்ந்து சாப்பிடுவார், நான் பார்க்கலாம் என்று.

பஸ் ஏறுகிற நேரத்தில் கோகிலா கூப்பிட்டாள். "அப்பா, அத்தைக்கும் சேத்து வாழ எல வாங்கிக்கங்க. அவரு வண்டி எடுத்துட்டுச் சோமனூர் போயிருக்காரு. அத்தையையும் கையோட கூட்டீட்டு வர்றாராம். மன்னிச்சவங்கள நேர்ல பாத்து நானும் மன்னிப்புக் கேக்கோணும்னு சொல்லீட்டுப் போனாரு."

அதனால்தான் உங்களிடம் இதையெல்லாம் பேசிக்கொண்டு வருகிறேன். இல்லையென்றால் தெரியாத மனுசரிடம் யார் இப்படிப் பேசுவார்கள்? இந்நேரம் அவர் போய்ச் சேர்ந்திருப்பார். பாயைப் போட்டிருப்பாள். தண்ணி கொடுத்திருப்பாள். அவர் பேச்சை எடுத்திருப்பார். அவள் ஒன்றும் புரியாமல் பார்த்திருப்பாள். அதற்குப் பிறகு என்ன என்று எனக்கு யோசிக்க வரவில்லை.

ஒரு நிமிஷம். போன் அடிக்கிறது.

அவர் பேர்தான். அடிக்கட்டும், நின்றுவிடும். பஸ் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

நின்றுவிட்டது.

மறுபடியும் அடிக்கிறது. நான் இறங்குகிற சூலூர் வருகிற வரைக்கும் விட மாட்டார் போலிருக்கிறது. தம்பி, ஓர் உதவி செய்யுங்கள். நீங்கள் எடுத்துப் பேசுங்கள். போனைப் பஸ்ஸில் யாரோ விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று சொல்லுங்கள். அவ்வளவு போதும். அவர் ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், என்னிடம் சொல்ல வேண்டாம். அந்தப் பக்கம் அவள் அழுகிற சத்தம் கேட்டால் அதையும் சொல்ல வேண்டாம். உங்களுக்கு ஒன்றும் ஆகாது. உங்களை அவர்களுக்குத் தெரியாது, நீங்கள் எங்களில் யாருக்கும் ஆள் இல்லை. உங்கள் மேல் எதுவும் ஒட்டாது. இந்தாருங்கள், பிடியுங்கள்.